மைக்ரான் கணக்கு: போர்டுக்கும் நுண்பாகத்துக்கும் எந்தப் பூச்சு?

கடலுக்கு அரை கிலோமீட்டர் தூரத்தில், வெளிச்சுவரில் மாட்டிய ஒரு மோட்டார் கன்ட்ரோலர். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டு முழுக்க, ஈரத்திலிருந்து காக்கும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் கோட்டிங் அடித்ததுதான். ஒரு மழைக்காலம் தாண்டியதும் நின்றுவிடுகிறது. திறந்து பார்த்தால் கோட்டிங் எங்கும் கிழியவில்லை. ஆனால் அதற்கு அடியிலேயே, ஐசி சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவில், பச்சை பூத்திருக்கிறது. ‘அடுத்த லாட்டுக்கு இன்னும் தடிமனாக அடித்துவிடுங்கள்’ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் தீர்ப்பு. அப்படி அடித்தால் அடுத்த லாட்டும் அதே இடத்தில்தான் போகும். கூடுதலாக விரிசலும் விழும்.

நீராவியை முழுசாக மறிக்கும் பாலிமர் எதுவும் கிடையாது. அக்ரிலிக், யூரித்தேன், எபாக்சி, சிலிகோன், பேரிலீன் எல்லாவற்றின் ஊடாகவும் ஈரம் நுழையும், வேகம்தான் வேறு. 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படலத்தின் அடிவரை ஈரம் போய்ச் சேர நாட்கணக்குகூட ஆகாது. அப்படியென்றால் கோட்டிங் எதற்கு? அரிப்பு நடக்க வேண்டுமென்றால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மெல்லிய நீர்ப்படலமாக நிற்க வேண்டும். கோட்டிங் பரப்போடு இடைவெளியின்றி ஒட்டியிருந்தால் அங்கே தண்ணீர் சேர்ந்து நிற்க இடமே இல்லை. காப்பது படலத்தின் தடிமன் என்பதைவிட அதன் ஒட்டுதல் என்றுதான் சொல்ல வேண்டும். உப்புத்தூசி, பூச்சி, கம்பித்துண்டு, நேரடியாக விழும் தண்ணீர்த்துளி ஆகியவற்றைத் தடுப்பது தனி நன்மை.

ஒட்டுதலைக் கெடுப்பது பெரும்பாலும் அடியில் மாட்டிக்கொண்ட உப்பு. வீட்டுச்சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் கொப்பளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. படலத்துக்கு அடியில் ஒரு துளி அயனிக் கழிவு இருந்தால், சவ்வூடு பரவல் வழியாக அது வெளியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கொப்புளம் எழும், கொப்புளத்துக்குள் உப்புத்தண்ணீர் நிற்கும். சோடியம் குளோரைடு சுமார் 75 சதவீத ஒப்பீரப்பதத்தில் தானாகக் கரைந்து நீராகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னை, தூத்துக்குடிக் காற்றில் அது காயவே காயாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன்மேல் மின்னழுத்தம் இருந்தால் அடுத்த கட்டம். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கால்கள், நடுவில் 5 வோல்ட், மெல்லிய உப்புநீர். பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்து அயனியாகி, நெகட்டிவ் பக்கம் போய்ப் படிந்து, அங்கிருந்து பெரணி இலைபோலக் கிளைவிட்டுப் பாசிட்டிவை நோக்கித் திரும்பி வளரும். வெள்ளி இதில் மிக வேகம். செம்பு, ஈயம், வெள்ளீயம் எல்லாமே செய்யும். கிளை மறுபக்கத்தைத் தொட்ட கணத்தில் ஷார்ட். ஆனால் அந்தக் கிளை தலைமுடியைவிட மெல்லியது என்பதால் ஃபியூஸ்போல எரிந்தும் போய்விடும். சர்வீஸ் சென்டருக்கு வரும்போது போர்டு நன்றாக வேலை செய்யும். ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு முறை அப்படிப் போய்வந்த போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்துத் தேடுவது நல்லது.

முதல் செலவு கழுவுவதற்கு

கோட்டிங் கேன் வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஃப்ளக்ஸை, அதாவது சால்டர் (பற்றாசு) நன்றாகப் பிடிக்கப் பூசும் ரசாயனத்தை, என்ன செய்வது என்பது. ‘நோ-கிளீன்’ ஃப்ளக்ஸ் என்ற பெயரே பலரைக் குழப்புகிறது. சால்டரை உருக்கிப் பாகங்களை ஒட்டவைக்கும் ரீஃப்ளோ அடுப்பில் சரியான வெப்பம் பார்த்த நோ-கிளீன் கழிவில், அடிபிக், சக்சினிக் போன்ற அமிலங்கள் பிசினுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கும். அப்படியே விட்டால் பல போர்டுகளுக்குத் தொந்தரவில்லை. கையால் சால்டர் வைத்த இடத்திலும், குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் மெஷின் சால்டர் வைக்கும் செலக்டிவ் சால்டரிங்கில் ஃப்ளக்ஸ் சிதறிய இடத்திலும் கதை வேறு. அங்கே ஃப்ளக்ஸ் முழு வெப்பத்தைப் பார்த்திருக்காது. அமிலம் செயலாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம் அரைகுறைக் கழுவல். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த பிரஷ்ஷால் நோ-கிளீன் கழிவைத் தேய்த்தால் பிசின் கரைந்து போகும், அமிலம் வெள்ளைப் பொடியாகப் பரவி நிற்கும். பூட்டைத் திறந்து திருடனை வெளியே விட்ட கணக்கு. கழுவுவதென்றால் பிசினைச் சோப்பாக்கிக் கரைக்கும் சப்போனிஃபையர் கலந்த 50–60 டிகிரி சுடுநீரிலோ, அந்த ஃப்ளக்ஸுக்கென்றே சொல்லப்பட்ட கரைப்பானிலோ முழுசாகக் கழுவி, அயனி நீக்கிய நீரில் அலச வேண்டும். முடியாதென்றால் தொடாமல் விட்டுவிட்டு, அந்தக் கழிவின்மேல் ஒட்டும் கோட்டிங்தானா என்று மாதிரி போட்டுப் பார்க்க வேண்டும். நடுவழி கிடையாது.

சுத்தத்தை அளக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.56 மைக்ரோகிராம் சோடியம் குளோரைடுக்குச் சமம் என்ற எல்லை பல வாங்கல் ஆணைகளில் இன்னமும் இருக்கிறது. அது பழைய ரோசின் ஃப்ளக்ஸ் காலத்து எண். சால்டரிங் வேலைக்கான ஜே-எஸ்டிடி-001 தரநிலையே 2018-ல் அந்த எண்ணை மட்டும் வைத்து ‘பாஸ்’ போடுவதைக் கைவிட்டு, உங்கள் ஃப்ளக்ஸ், உங்கள் போர்டு, உங்கள் கழுவல் முறைக்கு ஆதாரம் காட்டு என்று கேட்கத் தொடங்கியது. அந்த எண் முழுப் போர்டின் சராசரி. ஒரு ஐசியின் வயிற்றுக்கு அடியில் குவிந்து கிடக்கும் கழிவை அது காட்டாது.

கழுவியபின் 80–100 டிகிரியில் ஒன்றிரண்டு மணிநேரம் அடுப்பில் வைத்து உலர்த்த வேண்டும். கண்ணாடி இழைப் போர்டு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அது கோட்டிங் ஆறும்போது குமிழியாக வெளிவரும். எடுத்தபின் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பரப்பு மையை விரியவிடுமா என்று காட்டும் டைன் பேனாவால் ஒரு கோடு போட்டால் அடிப்பரப்பின் நிலை உடனே தெரிந்துவிடும்: 38 டைன் மை கோடாகவே நின்றால் பெரும்பாலான கோட்டிங்குகள் ஒட்டும், முத்து முத்தாகச் சுருண்டால் சால்டர் மாஸ்க்கின் (போர்டின் மேற்பூச்சின்) மேல் எண்ணெயோ சிலிகோனோ இருக்கிறது. கோடு போட்ட இடத்தைத் துடைத்துவிட வேண்டும். மாதிரிப் போர்டில் போடுவது இன்னும் நல்லது.

எந்தக் குடும்பம்?

அக்ரிலிக்கைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், வேண்டாம் என்பதற்குக் காரணம் கிடைக்கும்வரை. ஒரே கேன், கலக்க எதுவும் இல்லை, அறை வெப்பத்தில் அரை மணியில் தொடுமளவுக்குக் காய்ந்துவிடும், 125 டிகிரிவரை தாங்கும். ரிப்பேருக்கு வந்தால் கரைப்பானில் துடைத்தெடுக்கலாம். அதன்மேலேயே சால்டர் அயனை வைத்தும் வேலை பார்க்கலாம். கரைப்பானில் போகும் என்பதே அதன் குறையும்: பெட்ரோல், தின்னர், பூச்சிமருந்துக் கரைசல் படும் இடத்தில் அக்ரிலிக் மெழுகாகிவிடும்.

அந்த இடத்துக்கு யூரித்தேன். ரசாயனத்தையும் உரசலையும் நன்றாகத் தாங்கும். ரிப்பேர் செய்பவருக்கு மட்டும் தலைவலி. அதன்மேல் சால்டர் அயனை வைத்தால் ஐசோசயனேட் புகை வரும். மூச்சுக்குழாய்க்கு அது ஆகாது. எபாக்சி இன்னும் கெட்டி. கெட்டி என்பதாலேயே வெப்பம் ஏறி இறங்கும்போது சிறு பாகங்களைப் பிடித்து இழுக்கும். கண்ணாடி உடல் டயோடு உடைந்தால் முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும். போர்டின் மேல் முழுப்பூச்சாக எபாக்சியை இன்று தேர்ந்தெடுக்க நல்ல காரணம் அரிது.

சிலிகோனுக்கு இரண்டு பலம்: மைனஸ் 55-லிருந்து 200 டிகிரிவரை மென்மையாகவே இருக்கும், நன்றாக ஒட்டும். நீராவியை எல்லாரையும்விட தாராளமாக உள்ளே விடும் பொருள் இதுதான், ஆனாலும் ஈரமான இடங்களில் நன்றாக உழைக்கிறது. காப்பது ஒட்டுதல் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். என்ஜின் அருகே, பவர் சப்ளையின் சூடான மூலையில், எல்இடி டிரைவரில் சிலிகோனைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

அதற்கும் எல்லை உண்டு. சிலிகோனிலிருந்து ஆவியாகும் சிறு மூலக்கூறுகள் மூடப்படாத ரிலேக்குள் போனால், கான்டாக்டில் பொறி பறக்கும்போது எரிந்து சிலிக்காவாகப் படியும். சிலிக்கா ஒரு மின்காப்பான். ரிலே ‘டக்’ என்று அடிக்கும், கரன்ட் போகாது. அதே ஆவி பக்கத்து அறையின் பெயிண்டிங் லைனுக்குப் போனால் பெயிண்ட் மீன்கண்போலக் குழி விழுந்து நிற்கும். சிலிகோன் பூச்சுக்குத் தனி அறை, தனிக் கருவி, தனிக் கையுறை என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று கந்தகம். கழிவுநீர் நிலையம், ரப்பர் ஆலை, காகித ஆலை போன்ற இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சிலிகோனை ஊடுருவிப் போய்ச் சிப் ரெசிஸ்டரின் உள்வெள்ளியைச் சல்ஃபைடாக்கும். ரெசிஸ்டர் மெல்ல மதிப்பு ஏறி, ஒரு நாள் இணைப்பு அறுந்து ஓப்பனாகிவிடும். இதைக் கோட்டிங்கால் தீர்க்கப் பார்ப்பது வீண். கந்தகம் தாங்கும் வகை ரெசிஸ்டரை முதலிலேயே பார்ட்ஸ் பட்டியலில் போடுவதுதான் மருந்து.

ஜே-எஸ்டிடி-001 சொல்லும் உலர்ந்த தடிமன்கள் மனதில் இருக்க வேண்டியவை. அக்ரிலிக், யூரித்தேன், எபாக்சி 30 முதல் 130 மைக்ரான். சிலிகோன் 50 முதல் 210. பேரிலீன் 10 முதல் 50. மேல் எல்லை வெறும் சம்பிரதாயம் இல்லை. 130-ஐத் தாண்டிய அக்ரிலிக்கில் மேல்தோல் முதலில் காய்ந்து கரைப்பான் உள்ளே சிக்கும். பிறகு வெப்பச் சுழற்சியில் ஐசிக் கால்களின் ஓரத்திலிருந்து விரிசல் தொடங்கும். அடிப்பக்கத்தில் சால்டர் பந்துகளாலோ தட்டைத் தளங்களாலோ இணையும் பிஜிஏ, க்யூஎஃப்என் ஐசிகளுக்கு அடியில் கோட்டிங் ஓடி நிரம்பினால் இன்னும் மோசம். சூட்டில் சால்டரைவிடப் பல மடங்கு விரிந்து ஐசியை மேலே நெம்பும். பந்துகள் களைத்து உடையும்.

பூச்சு அடித்துவிட்டோமே, 230 வோல்ட் டிராக்குகளை இன்னும் நெருக்கி வைக்கலாமா என்று டிசைன் செய்பவர்கள் கேட்பார்கள். சும்மா அடித்த கோட்டிங்குக்கு அந்தச் சலுகை இல்லை. மின்காப்பு இடைவெளிகளுக்கான ஐஇசி 60664-3 தரநிலையின்படி சோதித்துத் தேறிய பூச்சுக்கு மட்டுமே இடைவெளியைக் குறைக்க இடமுண்டு. அதிலும் டைப் 1 என்றால் அடிச்சூழல் தூய்மையானதாகக் கருதப்படும், டைப் 2 என்றால்தான் திட மின்காப்பாக எண்ணப்படும்.

அடிக்கும்போது நடப்பவை

அளவை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 100-க்கு 80 மில்லிமீட்டர் போர்டு, இரண்டு பக்கமும், உலர்ந்தபின் 40 மைக்ரான் வேண்டும். பரப்பு 160 சதுர சென்டிமீட்டர். உலர்ந்த படலத்தின் கனஅளவு 0.64 மில்லிலிட்டர். கோட்டிங்கில் திடப்பொருள் கனஅளவில் 30 சதவீதம் என்றால் சுமார் 2.1 மில்லி திரவம் போர்டில் விழ வேண்டும். ஸ்ப்ரேயில் பாதி காற்றில் போகும், ஆக 4 மில்லிக்குச் சற்று மேல். உயரமான பாகங்கள் இருந்தால் அதற்கும் மேல். ஈரத்தில் 133 மைக்ரான் அடித்தால்தான் காய்ந்து 40 நிற்கும். ஒரே அடியில் அதை வைத்தால் வழியும். இரண்டு மூன்று மெல்லிய அடியாக, ஒவ்வொரு அடிக்கும் போர்டை 90 டிகிரி திருப்பி, 15–20 சென்டிமீட்டர் தள்ளி நின்று அடிக்க வேண்டும். திருப்பாவிட்டால் உயரமான கெப்பாசிட்டரின் ஒரு பக்கம் நிழலிலேயே நின்றுவிடும்.

திரவக் கோட்டிங் எதற்கும் ஒரு பிறவிக்குணம் உண்டு. பரப்பிழுவிசையால் கூரான விளிம்பிலிருந்து அது விலகி, மூலைகளில் குளம் கட்டும். சமதளத்தில் 50 மைக்ரான் காட்டும் போர்டில் ஐசிக் கால் முழங்கை விளிம்பில் சில மைக்ரான்தான் இருக்கும். அரிப்பு முதலில் அங்கே தொடங்குவதில் ஆச்சரியம் இல்லை. கோட்டிங் மிக நீர்த்துப்போனால் இது கூடும். வெயில் நாளில் தின்னர் ஆவியாகிக் கெட்டியானால் வேறு தொல்லை: கன்னிலிருந்து வரும்போதே காய்ந்து சிலந்தி வலைபோல நூல் நூலாக விழும். திரவத்தின் கெட்டித்தன்மையை அளக்கும் ஓட்டைக் கிண்ணமான ஃபோர்டு கப் 4-ல் வழியும் நேரத்தைக் காலையிலும் மதியத்திலும் எடுத்துக் குறித்து வைத்தால் இரண்டு கோளாறும் வராது.

மாஸ்கிங், அதாவது பூச்சு படக்கூடாத இடங்களை மூடுவதுதான் வேலையின் பெரும்பகுதி. கனெக்டர், டெஸ்ட் பாயின்ட், ஸ்விட்ச், எர்த் ஸ்க்ரூ உட்காரும் செம்புத்தளம், ஹீட் சிங்க் பரப்பு, மைக், அழுத்த சென்சார், ஈரப்பத சென்சார் எல்லாவற்றையும் மூட வேண்டும். பாலிஇமைடு டேப், உரிக்கும் லேடெக்ஸ், அச்சில் வார்த்த சிலிகோன் தொப்பி ஆகியவை வழக்கம். உரிக்கும்போது டேப் ஓரத்தில் கோட்டிங்கும் சேர்ந்து தூக்கினால், முழுசாகக் காய்ந்தபின் உரித்திருக்கிறீர்கள். தொடுமளவுக்குக் காய்ந்த நிலையில் எடுக்க வேண்டும். டிசைன் கட்டத்திலேயே கனெக்டர்களை ஒரே ஓரமாகத் தள்ளிவிட்டால் இந்தச் செலவில் பாதி மிச்சம்.

யுவி (புறஊதா) வெளிச்சத்தில் காயும் கோட்டிங் சில விநாடியில் கெட்டியாவதால் லைனுக்குப் பிடிக்கும். வெளிச்சம் எட்டாத ஐசி அடிவயிற்றில் அது பிசுபிசுத்த திரவமாகவே நிற்கும். காற்றின் ஈரத்தால் மெதுவாக ஆறும் இரண்டாவது வழி உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். ஈரத்தால் ஆறும் சிலிகோனுக்கு நேர்மாறான சிக்கல். ஏசி போட்டு 30 சதவீதத்துக்கு உலர்த்திய அறையில் அது ஆறவே தயங்கும். பிளாட்டினம் வகை சிலிகோனோ அமீன், கந்தகம், வெள்ளீயச் சேர்மம் பட்ட இடத்தில் ஆறாமல் கூழாக நிற்கும்; சில கையுறைகளிலும் லேடெக்ஸிலும் இருக்கும் கந்தகமே அதற்குப் போதும்.

சரிபார்ப்புக்குக் கருவிளக்கு (புறஊதா விளக்கு) போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 365 நானோமீட்டர் விளக்கில் கோட்டிங் நீலமாக ஒளிரும். எங்கே படவில்லை என்பதை அது நன்றாகக் காட்டும். எவ்வளவு படிந்திருக்கிறது என்று காட்டாது. தடிமனுக்கு, ஒவ்வொரு ஷிப்டிலும் போர்டோடு சேர்த்து ஒரு தட்டை உலோகத் தகட்டை ஓட்டி எடி கரன்ட் கேஜில் அளக்க வேண்டும்.

பேரிலீன், அதைவிட மெல்லியவை

விளிம்புப் பிரச்சினைக்கு உண்மையான விடை பேரிலீன். 1947-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் கண்ட பொருள். யூனியன் கார்பைடில் வில்லியம் கோர்ஹம் உருவாக்கிய முறையால் 1960-களில் தொழிலுக்கு வந்தது. பொடியான டைமரை (இரண்டு சிறு மூலக்கூறு இணைந்த சேர்மத்தை) வெற்றிடத்தில் சுமார் 150 டிகிரியில் ஆவியாக்கி, 680 டிகிரிக் குழாயில் இரண்டாகப் பிளந்து, அறை வெப்பத்தில் இருக்கும் அறைக்குள் விட்டால் படும் இடமெல்லாம் பாலிமராகப் படியும். திரவ நிலையே இல்லை. அதனால் வழிதல், குளம், விளிம்பு விலகல் எதுவும் இல்லை. ஊசி முனையிலும் ஐசியின் அடியிலும் ஒரே தடிமன். பேரிலீனில் ‘சி’, ‘என்’ என்று வகைகள் உண்டு; சி வகை மணிக்குச் சுமார் 5 மைக்ரான் படியும். என் வகை அதைவிட மிக மெதுவாகப் படிந்தாலும் இடுக்குகளுக்குள் ஆழமாகப் போகும். மின்காப்பு மாறிலி 2.65 என்று அலைவெண் கடந்தும் நிலையாக இருப்பதால் ரேடியோ அலைச் சுற்றுகளுக்கு என் வகைக்கே முன்னுரிமை.

விலை வெற்றிட அறையின் நேரத்தில் இருக்கிறது. ஒரு பேட்ச் ஒரு ஷிப்டை விழுங்கும். படியும் பொருளில் கணிசமான பங்கு அறைச் சுவருக்கே போகும். மாஸ்கிங் கழுத்தைப் பிடிக்கும், ஏனென்றால் வாயு ஒரு மைக்ரான் இடுக்கிலும் நுழையும். சாதாரணத் தொப்பி மாட்டிய கனெக்டர் பின்னெல்லாம் மின்காப்பு ஏறி வரும். ரசாயனமாக எதனோடும் ஒட்டாத பொருள் என்பதால் ஏ-174 சிலேன் என்ற ஒட்டுதல் தரும் முன்பூச்சு இல்லாமல் பல பரப்புகளில் முழுத்தோலாக உரிந்துவரும். கரைப்பானில் கரையாது, ரிப்பேர் என்றால் நுண்மணல் வீச்சு, லேசர், அல்லது சுரண்டல். இன்னொரு எல்லை பலருக்குத் தெரிவதில்லை: சி வகையின் உருகுநிலை 290 டிகிரி என்று தாளில் பார்த்துச் சூடான இடத்தில் போடுகிறார்கள். காற்றில் ஆக்சிஜனேற்றம் அதற்கு வெகு முன்பே தொடங்கும். பத்தாண்டு உழைக்க 80 டிகிரி, அவ்வளவுதான். வெயில் நேரடியாகப் பட்டாலும் மஞ்சளாகி நொறுங்கும். இரண்டையும் தாங்கும் ஃப்ளோரின் வகை உண்டு. விலை கேட்டால் மூச்சு நிற்கும்.

ஒரு மைக்ரான் அளவில் பூசும் ஃப்ளோரோபாலிமர்கள் வேறு ரகம். நனைத்து எடுத்தால் நிமிடங்களில் காய்ந்துவிடும். கனெக்டர் செருகும்போது பின் படலத்தைக் கிழித்துத் தொடுவதால் மாஸ்கிங்கே வேண்டாம். கையில் பிடிக்கும் கருவியின் மேல் தண்ணீர் தெறித்தால் காக்கும். கடலோரத்தில் ஆண்டுக்கணக்கில் மின்னழுத்தத்தோடு நிற்கும் போர்டுக்கு இதை நம்பக்கூடாது. இந்த ரகத்துக்கு வேறொரு கேள்விக்குறியும் இருக்கிறது. 2022 டிசம்பரில் 3எம் நிறுவனம் 2025 முடிவுக்குள் பிஎஃப்ஏஎஸ் (இந்த ஃப்ளோரோபாலிமர்களும் சேரும் ஃப்ளோரின் ரசாயனக் குடும்பம்) உற்பத்தியையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஐந்து ஐரோப்பிய நாடுகள் அந்த முழு ரசாயனக் குடும்பத்தையும் கட்டுப்படுத்தும் முன்மொழிவைத் தாக்கல் செய்தன. இன்று புதுப் பொருளுக்கு இதைத் தேர்ந்தெடுப்பவர், ஐந்து வருடம் கழித்தும் கிடைக்குமா என்று சப்ளையரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கனெக்டர் கான்டாக்டுக்கே பாதுகாப்பு வேண்டுமென்றால் அது பிளேட்டிங்கில்தான் முடியும். அடிக்கடி செருகி எடுப்பதற்கு 1.27 மைக்ரான் நிக்கலின் மேல் 0.76 மைக்ரான் கெட்டித் தங்கம் பழகிய அளவு. ‘கோல்ட் பிளேட்டட்’ என்று விற்கும் மலிவுப் பின்னில் 0.05–0.1 மைக்ரான் ஃப்ளாஷ்தான் இருக்கும். அது துளை நிறைந்த சல்லடை, அந்தத் துளை வழியே அடி உலோகம் பூக்கும்.

நுண்பாகங்களில் முதல் கேள்வி அளவு

போர்டில் 20 மைக்ரான் கூடினால் யாருக்கும் தெரியாது. லேத்திலிருந்து வந்த ஜாபில் (கடைந்த உலோகப் பாகத்தில்) அது ஃபிட்டையே மாற்றிவிடும். அலுமினியத்தில் 20 மில்லிமீட்டர் எச்7 (துளை அளவுக்கான டாலரன்ஸ் வகுப்பு) போர், அதாவது துளை, ஒன்றுக்கு 50 மைக்ரான் ஹார்டு அனோடைசிங் (பரப்பையே கடினமான ஆக்சைடாக்கும் பூச்சு) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அனோடைசிங் பாதி உள்ளே தின்று பாதி வெளியே வளரும். ஒரு பக்கத்துக்கு 25, விட்டத்தில் 50 மைக்ரான் போர் சுருங்கும். எச்7 தரும் இடம் 20.000 முதல் 20.021. அனோடைசிங் தடிமன் 45-க்கும் 55-க்கும் நடுவில் ஆடும் என்றால், முன்னாலேயே 20.055-லிருந்து 20.066-க்குள் போர் முடிந்திருக்க வேண்டும். 21 மைக்ரான் டாலரன்ஸ் 11 ஆகச் சுருங்கிவிட்டது. இந்த 11-ஐப் பிடிக்க முடியாத மெஷினில் ஜாப் போட்டுவிட்டு அனோடைசிங்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

மரையில் இன்னும் கடுமை. 60 டிகிரி மரையின் சாய்வான முகத்தில் பூச்சு ஏறுவதால் பிட்ச் விட்டம் (மரையின் நடு உயரத்து விட்டம்) தடிமனைப்போல நான்கு மடங்கு மாறும். எம்3 போல்ட்டுக்கு 6ஜி டாலரன்ஸ் பூச்சுக்குத் தரும் இடம் 20 மைக்ரான். அதற்குள் 5 மைக்ரான் பிளேட்டிங்தான் அடங்கும். 10 மைக்ரான் நிக்கல் போடச் சொல்லிவிட்டு நட் ஏறவில்லை என்பது பட்டறைகளில் பழைய சண்டை.

உள்ளே வளைந்து நெளிந்த வால்வ் உடல், குறுக்குத் துளைகள் கொண்ட பாகம் என்றால் எலக்ட்ரோலெஸ் நிக்கல். மின்சாரம் இல்லாமல் ரசாயன வினையால் படிவதால் விளிம்பில் தடித்து உள்ளே மெலியும் குறை இதற்கு இல்லை. பாஸ்பரஸ் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அரிப்பைத் தாங்கும், காந்தத்தில் ஒட்டாது. படிந்தபோது கடினம் விக்கர்ஸ் அளவில் 500–600. 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வாட்டினால் 900-ஐத் தொடும். ஆனால் வாட்டியதும் அது படிகமாகி, நுண்விரிசல் விட்டு, காந்தத்திலும் ஒட்டத் தொடங்கும். தேய்மானமா துருவா, எது பெரிய எதிரி என்று முடிவு செய்தபின்தான் அடுப்பில் வைக்க வேண்டும். குருட்டுத் துளையில் ஹைட்ரஜன் குமிழி உட்கார்ந்த இடம் வெறும் உலோகமாகவே வரும். தொங்கவிடும் கோணத்தை டிராயிங்கிலேயே சொல்லிவிடலாம்.

ஹைட்ரஜன் இன்னொரு வழியிலும் கொல்லும். 12.9 தர போல்ட், ஸ்பிரிங் போன்ற வலுவான எஃகு, அமிலத் தொட்டியிலும் மின்பூச்சுத் தொட்டியிலும் ஹைட்ரஜனை விழுங்கும். முறுக்கி வைத்த போல்ட் யாரும் தொடாமலே மறுநாள் தலை துண்டித்து விழும். பூச்சு முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் ஹைட்ரஜனை வெளியேற்ற 190–220 டிகிரி அடுப்புக்குப் போக வேண்டும். மறுநாள் காலை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்விரிசல் அதற்குள் தொடங்கியிருக்கும்.

தேய்மானத்துக்கு இப்போது எல்லாரும் கேட்பது பிவிடி (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் பூச்சு), டிஎல்சி. டைட்டானியம் நைட்ரைடு விக்கர்ஸ் 2300 அளவு; குரோமியம் நைட்ரைடு 1800, ஆனால் சூட்டில் 700 டிகிரிவரை நிற்கும். வைரம்போன்ற கார்பன் எனும் டிஎல்சி 1500–3000. எண்ணெய் இல்லாமலே உராய்வு 0.1 அருகில் வரும். ஹைட்ரஜன் கலந்த சாதா வகை 300 டிகிரியைத் தாண்டினால் கிராஃபைட்டாகத் தளரும். எல்லாமே 1 முதல் 4 மைக்ரான்தான், அதனால் பல ஜாபில் அளவை மாற்றாமலே போடலாம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இறுகாத மண்தரையில் டைல்ஸ் பதித்தால் காலடி பட்ட இடத்தில் டைல்ஸ் உடையும். மென்மையான அலுமினியத்தின் மேலோ பதப்படுத்தாத எஃகின் மேலோ 2 மைக்ரான் டிஎல்சி அப்படித்தான் உடையும். அடியில் 20 மைக்ரான் எலக்ட்ரோலெஸ் நிக்கலோ, எஃகுக்கு நைட்ரஜன் ஏற்றும் நைட்ரைடிங்கோ கொடுத்து முதலில் தரையைக் கெட்டியாக்க வேண்டும்.

அடுத்த பொறி வெப்பம். இஎன்31 பேரிங் எஃகை 150–200 டிகிரியில் டெம்பர் (கடினப்படுத்தியபின் மிதமாகச் சூடாக்குவது) செய்து 60 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) வாங்கியிருப்போம். அதை 400–450 டிகிரி பிவிடி அறைக்குள் வைத்தால் மேலே கடினமான தோலும் உள்ளே இறங்கிப்போன கடினமுமாகத் திரும்பி வரும், நேர்கோடும் வளைந்திருக்கும். அந்த எஃகுக்கு 200 டிகிரிக்குள் முடியும் டிஎல்சிதான் சரி. இல்லையென்றால் 500-க்கு மேல் டெம்பர் ஆகும் எஃகுக்கு மாற வேண்டும். பிவிடி நேர்கோட்டில் பயணிக்கும் பூச்சு என்பதையும் மறக்கக்கூடாது. துளைக்குள் அதன் விட்டத்தின் அளவு ஆழம்தான் ஒழுங்காக ஏறும். இவ்வளவு மெல்லிய படலத்தில் ஊசித்துளை இருந்தே தீரும் என்பதால் சாதா எஃகில் துருவைத் தடுக்கவும் இதை நம்பக்கூடாது.

பரப்பு விஷயத்தில் போர்டுக்குச் சொன்னதேதான் இங்கும். விளிம்பில் பிசிறு இருந்தால் அதன்மேலும் பூச்சு ஏறும். முதல் ஓட்டத்தில் பிசிறு உடையும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு போய் இடைவெளிக்குள் விழும். அந்தத் துகள் விக்கர்ஸ் 2000. வால்வுக்குள் ஓடும் ஸ்பூலைக் கீற அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. வயர்கட் மெஷினில் மின்பொறியால் வெட்டிய முகத்தில் உருகி உறைந்த வெள்ளை அடுக்கை எடுக்காமல் பூசினால் அந்த அடுக்கே பூச்சோடு கழன்று வரும்.

ஒட்டுதலைச் சோதிக்கக் கடினப் பூச்சுக்கு எளிய வழி, ராக்வெல் சி வைரக் கூம்பை 150 கிலோ சுமையில் அழுத்தி, குழியின் ஓரத்தை 100 மடங்கில் பார்ப்பது. கதிர்போல மெல்லிய விரிசல் மட்டும் இருந்தால் நல்லது. ஓரம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் லாட்டைத் திருப்பி அனுப்பலாம். போர்டுக் கோட்டிங்குக்கும் பெயிண்டுக்கும் குறுக்குக்கோடு கிழித்து டேப் ஒட்டி இழுக்கும் சோதனை. அதில் ஒரு வேடிக்கை உண்டு: ஐஎஸ்ஓ 2409-ல் 0 தான் மிக நல்லது, ஏஎஸ்டிஎம் டி3359-ல் 5பி மிக நல்லது, 0பி மிக மோசம். வாங்கல் ஆணையில் எந்தத் தரநிலை என்று எழுதாமல் ‘கிரேடு 0’ என்று மட்டும் போட்டால், உரிந்துவரும் பூச்சைக் கேட்டு வாங்கியதாகவும் அர்த்தமாகலாம்.

டிராயிங்கில் எழுத வேண்டியது நான்கு வரிதான்: அளவுகள் பூச்சுக்கு முன்னா பின்னா; தடிமன் குறைந்தபட்சம், அதிகபட்சம், எந்த இடத்தில் அளப்பது; எங்கே பூசக்கூடாது; எந்த அடுப்பு வெப்பத்தைத் தாண்டக்கூடாது. அதோடு ஒவ்வொரு லாட்டிலும் அதே எஃகில், அதே முடிப்பில் ஒரு சாட்சித் துண்டு ஜாப்களோடு சேர்ந்து அறைக்குள் போய் வர வேண்டும். டைட்டானியம் நைட்ரைடின் பொன்னிறம் அரை மைக்ரானிலேயே வந்துவிடும். 3 மைக்ரான் கேட்ட ஜாபில் ஒன்றுதான் ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. சாட்சித் துண்டில் எஃகுக் குண்டைச் சுழற்றிக் கிண்ணக்குழி தேய்த்து வளையத்தை அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.